ஹாகோதாதேயின் உப்புச் சாறு

ஹாகோதாதே நகரில் ஒரு கடைக்குள் நுழைந்து சாற்றில் இட்ட நூடுல்ஸான ‘ராமென்’ வேண்டும் என்று வெறுமனே கேட்டால் உப்பு ராமென்தான் வரும். ஷோயு (சோயா சாஸ்) வேண்டும், மிசோ (நொதித்த சோயா விழுது) வேண்டும் என்பவர்கள்தான் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானின் மற்ற ஊர்களில் நிலைமை நேர்மாறு. தோக்கியோவிலோ ஒசாகாவிலோ ஷியோ எனப்படும் இந்த உப்பு ராமென் பெரும்பாலும் பட்டியலின் கடைசியில், வயிறு சரியில்லாதவர்களுக்கான பத்தியச் சாப்பாடாக ஒதுங்கிக் கிடக்கும். ஜப்பானுக்கு வரும் நம் நண்பர்களும் வெள்ளை வெளேரென்று கொழுப்பு மிதக்கும் பன்றி எலும்புச் சாற்றில் தொடங்கி, காரமான மிசோவுக்குத் தாவி, ராமெனை முழுதாகப் பார்த்துவிட்ட நிறைவோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ராமென் வகைகளிலேயே செய்வதற்கு ஆகக் கடினமானது உப்பு ராமென். சாப்பிடச் சாப்பிட ஆழம் காட்டுவதும் அதுதான்.

இதை எனக்கு உறுதிப்படுத்தியது ஹாகோதாதே. என் அலுவலகத்தில் மூத்த பொறியாளர் ஒருவர் அந்த ஊர்க்காரர். குளிர்காலத்தில் பெற்றோரைப் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப்போனார். தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். ஹொன்ஷு தீவின் வடமுனையில் ரயில் கடலுக்கு அடியில் இறங்கி, 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்க்கான் சுரங்கத்தைக் கடந்து, வடக்குத் தீவான ஹொக்கைடோவில் வெளிப்படுகிறது. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் இருபது நிமிடம். பனி மூடிய மலையடிவாரத்தில் இரண்டு பக்கமும் கடல் சூழ, இடுப்பு ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமாக அமர்ந்திருக்கும் துறைமுக நகரம் அது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காலைச் சந்தையின் நண்டு வாடையும் குளிர்காற்றும் முகத்தில் மோதின.

டிராம் பாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது நாங்கள் போன கடை. பெயரை எழுதப்போவதில்லை. எண்பதை நெருங்கும் கணவனும் மனைவியும் வேறு ஆள் வைக்காமல் நடத்தும் இடம். ஒன்பது பேர் உட்காரலாம். இணையத்தில் பெயர் அடிபட்டு வாசலில் வரிசை நிற்கத் தொடங்கினால் அவர்களால் தாங்க முடியாது என்று நண்பர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். நியாயமான வேண்டுகோள்.

வாசலில் தொங்கிய நீலத் துணியை விலக்கி உள்ளே போனோம். டிக்கெட் இயந்திரம் கிடையாது. சுவரில் மரச்சட்டங்களில் எழுதியிருந்தவை நான்கே வரிகள்: ராமென், சாஷு ராமென் (பன்றி இறைச்சி கூடுதலாக இட்டது), சோறு, பீர். கடைக்காரரை எல்லோரும் ‘தைஷோ’ என்று கூப்பிட்டார்கள். ஜப்பானில் ராமென், சுஷிக் கடைகளின் முதலாளிகளை வாடிக்கையாளர்கள் அழைக்கும் விதம் அது. நண்பரை அவர் இன்னும் பள்ளிக்கூடப் பையனாகவே நடத்தினார். “அப்பாவுக்கு முழங்கால் தேவலாமா? அம்மாவைப் பனியில் நடக்கவேண்டாம் என்று சொல்” என்று கேட்டுக்கொண்டே, எங்களிடம் என்ன வேண்டும் என்று விசாரிக்காமல் இரண்டு கிண்ணங்களை எடுத்துவைத்தார்.

நான் உட்கார்ந்த இடத்துக்கு நேரெதிரே அடுப்பு. அவர் கையை விட்டு என் கண் அகலவில்லை. முதலில் கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி, கொட்டி, துடைத்தார். ஒரு பீங்கான் ஜாடியிலிருந்து சிறு அகப்பை அளவு தாரே. ராமெனுக்கு உப்பும் ருசியும் சேர்க்கும் அடர்கரைசல்தான் தாரே. ஷோயு ராமெனில் அது கறுப்பாக இருக்கும், இங்கே வெளிறிய வைக்கோல் நிறம். அதன் மேல் ஒரு தேக்கரண்டி கோழிக்கொழுப்பு. நூடுல்ஸைக் கொதிநீரில் போட்ட பிறகுதான் பெரிய பானையிலிருந்து சாற்றை வடிகட்டியினூடே கிண்ணத்தில் ஊற்றினார். நூடுல்ஸ் வெந்து வருவதற்குள் சாறு ஆறிவிடக்கூடாது என்பது கணக்கு. வெந்ததும் கம்பிக்கூடையால் அள்ளி இரண்டே உதறல், ஓங்கி. நூடுல்ஸில் நீர் தங்கினால் சாறு நீர்த்துவிடும். மிசோவில் அது தெரியாது, இதில் முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு நூடுல்ஸைச் சாற்றில் இறக்கி, நீளக் குச்சிகளால் ஒருமுறை தூக்கி மடித்து, இழைகள் ஒரே திசையில் படியும்படி விட்டார். மேலே இரண்டு வில்லை பன்றி இறைச்சி, மென்மா எனப்படும் நொதித்த மூங்கில் குருத்து, நறுக்கிய வெங்காயத்தாள், கொஞ்சம் பசலை, கோதுமைப் புரதத்தில் செய்த ஃபு ஒரு வட்டம். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கிண்ணம் முன்னால் வந்தபோது முதலில் கண்ணுக்குப் பட்டது அதன் அடிப்பகுதி. நூடுல்ஸ் இழைகளின் இடுக்கில், சாற்றின் ஊடே, கிண்ணத்தின் உட்புறத்தில் வரைந்திருந்த நீலக் கோடு வளைந்து போவது தெளிவாகத் தெரிந்தது. மேலே பொன்னிறத்தில் சிறுசிறு எண்ணெய் வட்டங்கள். வேறு எதுவும் மிதக்கவில்லை, கலங்கவில்லை.

பீங்கான் கரண்டியில் எடுத்துக் குடித்தேன். உப்பு முதலில் வரும் என்று நினைப்போம், வரவில்லை. முதலில் கோழிக்கொழுப்பின் மணம். அடுத்து மெல்லிய இனிப்பு, பன்றி எலும்பிலிருந்து வருவது. அதன் பின்னாலிருந்து கடல் எழுந்தது: கொம்பு என்னும் கடற்பாசியின் கனமும் காய்ந்த சிப்பியின் மணமும் நாக்கின் பக்கவாட்டில் பரவி, விழுங்கிய பிறகும் நெடுநேரம் தங்கின. உப்பு அந்தக் கடைசி இடத்தில்தான் இருந்தது, எல்லாவற்றையும் கூர்மையாக்கிக்கொண்டு. இரண்டாவது கரண்டியில் வரிசை மாறியது. சூடு சற்றே இறங்கியதும் கடல் முன்னால் வந்துவிட்டது. பாதிக் கிண்ணம் போவதற்குள் இறைச்சியின் சாறும் வெங்காயத்தாளின் காரமும் கலந்து இன்னொரு சூப்பாகியிருந்தது. ஒரே கிண்ணம் இத்தனை தடவை உருமாறுவதை வேறெந்த ராமெனிலும் நான் கண்டதில்லை.

இது ஏன் கடினம் என்பதைச் சொல்லவேண்டும். ஷோயுவும் மிசோவும் வெறும் உப்பூட்டிகள் அல்ல. இரண்டுமே பூஞ்சையின் துணையோடு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நொதித்தவை. அந்த நொதித்தலில் சோயாவின் புரதம் உடைந்து குளூட்டமிக் அமிலம் உண்டாகிறது. ஆகவே ஷோயுவை ஊற்றும்போதே ராமென்காரருக்குப் பாதிச் சுவை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. நிறமும் மணமும் கூடவே வருகின்றன. சாறு சற்று மெலிந்திருந்தாலும் மிசோ போர்த்திவிடும். உப்பு அப்படி எதையும் கொண்டுவராது. அது சோடியம் குளோரைடு. சுவையைத் தூக்கிக் காட்டும், தன் பங்குக்குச் சுவை சேர்க்காது. அந்த வெற்றிடத்தை முழுவதும் சமையல்காரர்தான் நிரப்பவேண்டும். எலும்பைச் சரியாகக் கழுவாமல் விட்டால் அந்த வாடை தெரியும். நேற்றைய சாறு என்றால் தெரியும். ஒளித்துவைக்க ஓரிடமும் இல்லை.

உப்பு ராமென் என்றால் உப்பு அதிகம் என்று நம்மவர்கள் பயப்படுவதும் தேவையற்றது. ஷோயுவிலேயே சுமார் 16 சதவீதம் உப்புதான். எந்த ராமென் சாறும் ஏறத்தாழ ஒரே உப்பளவில்தான் முடிகிறது, எதன் வழியாக என்பதுதான் வேறுபாடு. ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எந்த ராமெனிலும் சாற்றை முழுதாகக் குடித்துத் தீர்க்காமல் இருப்பதே நல்லது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. ஒரு கிண்ணமே அதைத் தாண்டிவிடும். ஜப்பானியர்களிலும் பலர் மீதம் வைக்கிறார்கள். தைஷோ கோபித்துக்கொள்ள மாட்டார்.

கூட்டம் குறைந்ததும் அவரிடம் பானையைப் பற்றிக் கேட்டேன். நண்பர் இடையில் நின்று, என் ஜப்பானிய மொழி தடுமாறும் இடங்களில் கைகொடுத்தார். காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறாராம். பன்றி எலும்பு, கோழி எலும்பு, இஞ்சி, வெங்காயத்தாள். மூடி போடுவதில்லை. மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருப்பார். நீரின் மேற்பரப்பு அசைய வேண்டும், ஆனால் கொதிக்கக்கூடாது.

“கொதிக்கவிட்டால்?” என்று கேட்டேன்.

“ஹகாதாவுக்குப் போய்விடும்” என்றார், சிரிக்காமல்.

கியூஷு தீவின் ஹகாதா, வெள்ளைச் சாற்று ராமெனுக்குப் பெயர்போன இடம். அங்கேயும் அதே பன்றி எலும்புதான். பெருந்தீயில் மணிக்கணக்கில் தளதளவென்று கொதிக்கவைக்கும்போது கொழுப்பும் எலும்பின் ஜெலட்டினும் நீரோடு கலந்து பால்குழம்பாகிவிடுகின்றன. இங்கே தீயை அடக்கிவைப்பதால் கொழுப்பு மேலே தனியாக மிதக்கிறது, சாறு தெளிந்து நிற்கிறது. நாட்டின் இரு முனைகளிலும் ஒரே எலும்பு. தீயின் அளவு மட்டுமே வேறு. ஹகாதா ராமெனை நான் தாழ்த்தவில்லை, அதற்கென்று ஒரு பசி உண்டு. ஆனால் அடக்கிய தீக்கு முன்னால் பல மணி நேரம் காவல் நிற்பது வேறு வகை உழைப்பு. ஒரு தொலைபேசி அழைப்பில் கவனம் சிதறினால் அன்றைய பானை முழுவதும் கலங்கிவிடும்.

கொம்புவுக்குத் தனிப் பானை. இரவே குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, காலையில் மெல்லச் சூடேற்றி, கொதி வருவதற்குள் எடுத்துவிடுகிறார். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். தாரேயில் காய்ந்த ஸ்கேலப் சிப்பியும் கட்சுவோபுஷியும் சேர்கின்றன. கட்சுவோபுஷி என்பது சூரை இன மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாக உலர்த்திச் சீவியது. அதே மீனைத்தான் மாலத்தீவிலும் வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்து மாசி ஆக்குகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சம்பலுக்கு மாசி இடித்தவர்களுக்கு இந்தச் சாற்றின் ஆழத்தில் ஒரு பழகிய மணம் தட்டுப்படும்.

இந்தப் பொருட்கள் ஏன் ஒன்றையொன்று தேடுகின்றன என்பதற்கு வேதியியலில் விடை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவர்களும் ஜப்பானியர்களே. தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் இகேதா கிகுனாயே 1908இல் கொம்புவின் சாற்றிலிருந்து குளூட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அவருடைய மாணவர் கொதாமா ஷின்தாரோ 1913இல் கட்சுவோபுஷியில் இனோசினிக் அமிலத்தைக் கண்டார். 1950களின் இறுதியில் குனினாகா அகிரா இந்த இரண்டையும் சேர்க்கும்போது சுவை கூடுவதில்லை, பெருகுகிறது என்று காட்டினார். கொம்புவை மட்டும் குடித்துப் பாருங்கள், மங்கலாக இருக்கும். கோழிச் சாறு மட்டும் என்றாலும் அப்படித்தான். எலும்பிலும் இறைச்சியிலும் உள்ள இனோசினிக் அமிலமும் கொம்புவின் குளூட்டமிக் அமிலமும் சந்திக்கும் இடத்தில்தான் கிண்ணம் திறக்கிறது. சிப்பியிலிருந்து வரும் சக்சினிக் அமிலம் அதற்கு இன்னொரு கோணம் சேர்க்கிறது. தைஷோவுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அளவு மட்டும் அவர் கைக்குத் தெரியும்.

உப்பைப் பற்றிக் கேட்டபோது அவர் பெரிதாகப் பேசவில்லை. “கடல் உப்பு, இரண்டு வகை” என்று முடித்துக்கொண்டார். இதைச் சொல்லக் காரணம், இன்றைய நாகரிகமான உப்பு ராமென் கடைகளில் சுவரெங்கும் உப்பின் ஊர்ப்பெயர்கள்தான்: ஒகினாவா, நோதோ, மங்கோலியா, பிரான்சின் கேராந்து. இந்தப் பெருமிதத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஜப்பானில் பாறை உப்பு கிடையாது, மழை மிகுந்த நாடாதலால் வெயிலை மட்டும் நம்பி உப்பு விளைவிக்கவும் முடியாது. மணல் பாத்தியில் கடல்நீரைச் செறிவூட்டி, பிறகு விறகெரித்துக் காய்ச்சவேண்டும். 1905இல், ரஷ்யப் போர்ச் செலவுக்காக, உப்பு அரசின் தனியுரிமையானது. 1970களின் தொடக்கத்தில் உப்பளங்கள் மூடப்பட்டு, மின்சாரமும் அயனிச் சவ்வும் கொண்டு ஆலையில் உப்பெடுக்கும் முறை வந்தது. நாடு முழுவதும் ஒரே தூய வெள்ளை உப்பு. நோதோ தீபகற்பத்தில் மரவாளியால் கடல்நீரை மணலில் வீசி உப்பெடுக்கும் பழைய தொழில் ஒரு நூலிழையில் பிழைத்துக்கிடந்தது. 1997இல் தனியுரிமை நீங்கியதும் சிறு உப்புக்காரர்கள் பெருகினார்கள், ராமென்காரர்கள் அவற்றைக் கலந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த முயற்சிகளில் அருமையானவை இருக்கின்றன. தோக்கியோவின் எபிசு பகுதியில் 2003இல் தொடங்கிய ‘அஃபுரி’, யூசு எலுமிச்சையின் தோலை உப்புச் சாற்றில் சேர்த்துப் புகழ்பெற்றது. அந்த மணம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஐந்து வகை உப்பு என்று எழுதிவைத்துவிட்டு, அதன் மேல் விலையுயர்ந்த காளான் எண்ணெயை ஊற்றித் தரும் கிண்ணங்களையும் சாப்பிட்டிருக்கிறேன். எண்ணெய்தான் வாயில் நின்றது. தெளிந்த சாற்றின் பலமே அதன் அடக்கம். அதை நம்பாதவர் உப்பு ராமென் செய்ய முனையவேண்டாம் என்பது என் கருத்து.

சாப்பிட்டு முடித்து நானும் நண்பரும் பழைய துறைமுகத்துப் பக்கம் நடந்தோம். இந்தக் கிண்ணம் ஏன் இந்த ஊரில் பிறந்தது என்பதற்கு அந்தத் தெருக்கள்தான் சாட்சி. 1854இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி தன் கப்பல்களோடு வந்து கையெழுத்து வாங்கிய உடன்படிக்கையில் ஹாகோதாதேயின் பெயர் இருந்தது. 1859இல் யோகொஹாமா, நாகசாகியோடு சேர்ந்து வெளிநாட்டு வணிகத்துக்கு முழுதாகத் திறந்தார்கள். ரஷ்யர், ஆங்கிலேயர், அமெரிக்கர் வந்தார்கள். அவர்களோடு சீன வணிகரும் வந்தார்கள். சீனர்கள் தேடி வந்தது கொம்பு. காய்ந்த கடல் அட்டையும் அபலோன் சிப்பியும் கூட. நம் இராமநாதபுரத்துக் கடலிலும் யாழ்ப்பாணத்துக் கடலிலும் மூழ்கி எடுத்த கடல் அட்டைகள் எந்தச் சந்தையை நோக்கிப் போயினவோ அதே சீனச் சந்தைதான் இங்கேயும் ஆள் அனுப்பியது.

அதற்கு முன்பே கொம்பு நெடுந்தூரம் பயணம் செய்த சரக்கு. ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) கிதாமாயெபுனே என்ற பாய்க்கப்பல்கள் ஹொக்கைடோவின் கொம்புவை ஜப்பான் கடல் வழியாக ஒசாகாவுக்குக் கொண்டுபோயின. அங்கிருந்து தெற்கே சத்சுமா, ரியூக்யூ (இன்றைய ஒகினாவா) வழியே சீனா. கொம்பு விளையாத ஒகினாவாவின் சமையலில் கொம்பு இத்தனை ஆழமாக ஊறியிருப்பதற்கு அந்தப் பாதைதான் காரணம். ஹாகோதாதே திறந்ததும் சீன வணிகர்கள் இடைத்தரகர்களைத் தாண்டி விளைச்சலின் வாசலுக்கே வந்துவிட்டார்கள். வணிகர் தங்கினால் சமையல்காரரும் வேண்டும். 1884 ஏப்ரலில் ஹாகோதாதே ஷிம்புன் நாளிதழில் ‘யோவாகென்’ என்னும் உணவகம் ஒரு விளம்பரம் கொடுத்தது: ‘நான்கின் சோபா’, அதாவது சீன நூடுல்ஸ், விலை 15 சென் (நூறு சென் ஒரு யென்). அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று விளம்பரம் சொல்லவில்லை. அதுவே ஜப்பானின் முதல் ராமென் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள், ஆய்வாளர்கள் தலையசைக்கத் தயங்குவார்கள். எனக்கு அந்தப் போட்டியில் அக்கறை இல்லை. தோக்கியோவின் அசாகுசாவில் ராமெனைப் பரப்பிய ‘ராய்ராய்கென்’ 1910இல்தான் திறந்தது; அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இந்தத் துறைமுகத்தில் சீன நூடுல்ஸுக்கு விளம்பரம் செய்யும் அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பதே எனக்குப் போதும்.

அதே 1910இல் கட்டிய சீன வணிகர் மண்டபம் மலைச்சரிவில் இன்றும் நிற்கிறது. 1907இன் பெருந்தீயில் முந்தைய கட்டடம் எரிந்துபோக, சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து எழுப்பியது. செங்கல் சுவரில் பனி ஒட்டிக்கிடந்தது. நண்பர் சிறுவயதிலிருந்து அந்தத் தெருவில் நடந்தவர். அந்தக் கட்டடத்துக்கும் தான் சாப்பிடும் ராமெனுக்கும் உறவு இருக்கும் என்று நினைத்ததே இல்லை என்றார். சீனத்தின் தெளிந்த உப்புச் சூப், கொம்பு விளையும் கடல், இரண்டும் கைதொடும் தூரத்தில் இருந்த ஊர் இது. சப்போரோ 1950களில் மிசோ ராமெனைக் கண்டெடுத்தது, அசாஹிகாவா ஷோயுவைப் பிடித்துக்கொண்டது. ஹாகோதாதே வந்த வடிவத்தை அதிகம் கலைக்காமல் வைத்துக்கொண்டது. ஹொக்கைடோவின் மூன்று ராமென்களில் மூத்தது எது என்று கேட்டால் என் கை இந்தப் பக்கம்தான் நீளும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தெளிவாக இருக்கிறதே என்று இதைக் காய்கறிச் சூப்பாக எண்ணிவிடவேண்டாம். பன்றி, கோழி, மீன், சிப்பி நான்கும் அதில் கரைந்திருக்கின்றன. மேலே உள்ள இறைச்சியை எடுத்துவிட்டுத் தரச்சொல்வதில் பொருளில்லை. பன்றி உண்ணாதவர்கள் கோழியும் சிப்பியும் மட்டும் கொண்டு சாறு எடுக்கும் கடைகளைப் பெரிய நகரங்களில் தேடிப் பிடிக்கலாம். ஆனால் தாரேயில் என்ன இருக்கிறது என்றும் கேட்டுவிடவேண்டும்.

திரும்பிப் போகும் முன் நண்பரின் விருப்பத்தால் மறுநாள் மதியம் மீண்டும் அதே கடைக்குப் போனோம். அன்று தைஷோ கொம்புக் கட்டு ஒன்றை எடுத்துவந்து காட்டினார். ஹாகோதாதே நகரத்தின் கிழக்கே, இப்போது நகரத்தோடே சேர்ந்துவிட்ட மினாமி கயாபே கரையில் விளையும் மா-கொம்பு என்னும் வகை. ஒரு சாண் அகலம், விரலால் மடித்தால் மடங்காத தடிமன். வெட்டிய விளிம்பு வெண்மையாக இருந்தது. அந்த வெண்மைதான் உயர்ந்த வகைக்கு அடையாளம். மேலே மாவு பூத்திருந்தது. அதைத் துடைக்கக்கூடாது, சுவை அதிலும் உண்டு. இயற்கையான மா-கொம்பு வளர இரண்டு ஆண்டு ஆகும். கோடையில், கடல் அமைதியாக இருக்கும் விடியலில் படகில் போய், நீண்ட கழியால் முறுக்கிப் பிடுங்கி, அன்றைக்கே கரையில் பரப்பிக் காயவைக்கவேண்டும். மழை வந்தால் அன்றைய விளைச்சல் தரம் இறங்கிவிடும்.

“இது வளர்ப்புக் கொம்பு. இயற்கையானது வந்து பல வருஷமாகிறது” என்றார் அவர் மனைவி, கிண்ணம் கழுவிக்கொண்டே.

பத்தாண்டுகளாக மினாமி கயாபேயின் இயற்கைக் கொம்பு விளைச்சல் சரிந்துகிடக்கிறது. கொம்புவுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும்; கடல் சூடேறிக்கொண்டிருக்கிறது. ஊரின் அடையாளமான கணவாய் மீனும் அப்படியே குறைந்துவிட்டது. பதிலுக்குத் தெற்கத்தி மீனான புரி வலைகளில் வந்து குவிகிறது. முன்பு அதைச் சாப்பிடும் வழக்கமே இந்த ஊரில் அதிகம் இருந்ததில்லை. இப்போது அதை உலர்த்திச் சீவி, கட்சுவோபுஷிக்கு மாற்றாக உப்பு ராமெனில் பயன்படுத்திப் பார்க்கிறார்கள் ஊரின் இளைய ராமென்காரர்கள்.

தைஷோவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “சாப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது” என்றார். “கடல் எதைத் தருகிறதோ அதைத்தானே பானையில் போடமுடியும்? எனக்கு வயதாகிவிட்டது, நான் மாற்றவில்லை. அவர்கள் மாற்றட்டும்.” வளர்ப்புக் கொம்புவில் முன்பிருந்த கனம் இல்லாததால் ஊறவைக்கும் அளவைக் கூட்டியிருக்கிறார், சிப்பியையும் சற்றுக் கூட்டியிருக்கிறார். விலையை மட்டும் 850 யென்னிலேயே வைத்திருக்கிறார். நண்பர் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாதாடினார். நூறு யென் ஏற்றினால் பக்கத்து மீன்சந்தைக் கிழவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வருவதை நிறுத்திவிடுவார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். இந்த இடத்தில் நான் நண்பரின் பக்கம். இத்தனை உழைப்புக்கு 850 யென் மிகக் குறைவு, இந்த விலையைப் பார்த்து எந்த இளைஞரும் அந்த அடுப்பை ஏற்க வரமாட்டார். அவர்களுக்குப் பின் கடையை நடத்த ஆளில்லை.

ஹாகோதாதேக்குப் போகிறவர்கள் இந்தக் கடையைத் தேடி அலையவேண்டாம். கோர்யோகாகு கோட்டைக்குப் பக்கத்தில் ‘அஜிசாய்’ இருக்கிறது. ஊரின் உப்பு ராமெனுக்கு வெளியே முகம் கொடுத்த கடை, சப்போரோவின் ஷின் சிதோசே விமான நிலையத்திலும் கிளை உண்டு. ஹாகோதாதே ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய சாப்பாட்டுக் கடைகளிலும் நல்ல கிண்ணம் கிடைக்கும். மதியம் பன்னிரண்டுக்கு முன்பே போய்விடுங்கள். சிறு கடைகளில் சாறு தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். மேசையில் வெள்ளை மிளகுத்தூள் இருக்கும். முதல் பாதியில் அதைத் தொடாதீர்கள். வெண்ணெய், சோளம் சேர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.